பரணியும் கையறுநிலையும்: ஈழப் போர்ச் செய்திகளின் அறம்

1. முன்னுரை

போர் நடக்கும் நிலத்திலிருந்து செய்தி தருவோருக்கு இரண்டு கடமைகள் உள்ளன. நடந்ததை மறைக்காமல் உலகுக்கு அறிவித்தல் ஒன்று. யாரைப் பற்றி அறிவிக்கின்றனரோ அவர்தம் மானத்தைக் காத்தல் மற்றொன்று. பிற காலங்களில் இவ்விரண்டும் பெரிதும் மோதுவதில்லை. போர்க்காலத்தில், அதிலும் கொன்றவரே கொலையை மறுக்கும் போரில், இவை நேருக்கு நேர் மோதுகின்றன. உடலைக் காட்டினால் இறந்தவரின் மானம் குலைகிறது. காட்டாவிடில் அவர் கொல்லப்பட்டார் என்பதற்கே சான்றில்லாமற் போகிறது.

2009ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற ஈழப் போர் இம்மோதலைத் தமிழ்ச் சமூகத்தின் முன் வைத்தது. அப்போரிலிருந்து பிறந்த கவிதையும் புனைகதையும் திறனாய்வாளரின் கவனத்தைப் பெற்ற அளவுக்கு அதன் செய்தியும் செய்திப்படமும் பெறவில்லை. ஆயினும் புலம்பெயர்ந்த தமிழருக்கு அப்போர் கவிதையாக வருமுன் செய்தியாகவே வந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் இந்திய, இலங்கை மளிகைக் கடைகளும் உணவகங்களும் நிறைந்த சாலையால் அறியப்படும் சான்ட்ரிங்ஹாம் அத்தகைய வாசிப்பிடங்களுள் ஒன்று. மே மாதத்தில் ஆக்லாந்தின் கடிகாரம் கொழும்பின் கடிகாரத்துக்கு ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுவது. வன்னியில் மாலை நிகழ்ந்தது அங்கு நள்ளிரவுக்குப் பின் திரையில் வந்தது. களத்தை நேரில் காண இயலாதவர், செய்தியைத் தவிர வேறு வழியில்லாதவர், செய்தி தரும் காட்சியிலிருந்து விலகவும் இயலாதவர் என்னும் மூன்று நிலைகளும் கூடியவர் இவ்வாசகர். போர்ச் செய்தியின் அறத்தை ஆராய்வதற்கு இவரை விடப் பொருத்தமான வாசகர் இல்லை.

பரபரப்புச் செய்தி என்பதற்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். கொடிய காட்சியைக் காட்டுவது மட்டுமே ஒரு செய்தியைப் பரபரப்புச் செய்தி ஆக்குவதில்லை. கண்டவரின் உணர்ச்சியை எழுப்புவதையே நோக்கமாகக் கொண்டு, அவ்வுணர்ச்சி எழுந்தபின் அவர் அறிய வேண்டியது யாது என்பதில் அக்கறை காட்டாத செய்தியே பரபரப்புச் செய்தி என இக்கட்டுரை கொள்கிறது. இவ்வரையறையின் துணைகொண்டு 2006 முதல் 2021 வரையிலான சில நிகழ்வுகளை அது ஆராய்கிறது.

2. தமிழ் மரபில் போரைச் சொல்லும் இரு முறைகள்

போரில் மடிந்தவரின் உடலைச் சொல்லில் காட்டுவது தமிழுக்குப் புதிதன்று. புறத்திணை மரபில் இதற்கு இரண்டு முறைகள் தெளிவாகத் தெரிகின்றன.

ஒன்று பரணியின் முறை. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தில் பெற்ற வெற்றியைப் பாடிய சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி இதன் உச்சம். அங்குக் களம் ஒரு சமையற்கூடம். வீழ்ந்தோரின் உடல்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைத்துக் காளிக்குப் படைத்துத் தாமும் உண்கின்றன. அச்சமும் நகையும் வியப்பும் அடுத்தடுத்து எழுகின்றன. கவித்திறத்தில் அந்நூலுக்கு இணை அரிது. ஆயினும் அக்கூழில் வெந்த கலிங்க வீரருள் ஒருவருக்கும் பெயரில்லை. அவர் உடல் வெற்றியின் அளவைக் காட்டும் பொருளாக மட்டுமே நிற்கிறது.

மற்றொன்று கையறுநிலையின் முறை. இறந்தவரை இழந்து செயலற்று நிற்பவரின் கூற்று அது. பாரியை இழந்த கபிலரும் பாரி மகளிரும் பாடியவை இதற்குச் சிறந்த சான்றுகள். இங்கு இறந்தவருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, அவரை இழந்து நிற்பவரும் உண்டு. உடலைவிட அவ்வுடல் இல்லாமற்போனதால் வெறுமையான இடமே பாட்டில் பெரிதாகத் தெரிகிறது.

இப்பாகுபாட்டை மிகைப்படுத்தலாகாது. கையறுநிலை பெரும்பாலும் மன்னருக்கும் வள்ளல்களுக்கும் பாடப்பட்டது. எளிய மறவரின் இறப்பு அதில் இடம்பெறுவது குறைவு. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறநானூற்று 278ஆம் பாடலில் வரும் முதிய தாய், களத்தில் கிடந்த உடல்களைப் புரட்டித் தேடிச் சிதைந்த தன் மகனைக் கண்டு மகிழ்கிறாள். சிதைந்த உடல் அங்கும் காட்டப்படுகிறது, வீரத்தின் பெருமைக்கும் பயன்படுகிறது. எனினும் அவ்வுடலை நாம் காண்பது தேடிச் சென்ற தாயின் கண்வழி. எவர் கண்வழி, எதற்காகக் காட்டப்படுகிறது என்பதே இவ்விரு முறைகளையும் பிரிக்கும் கோடு.

மெய்ப்பாட்டியல் தரும் தெளிவும் இங்குப் பயன்படும். அழுகை பிறக்கும் களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கையும், வெகுளி பிறக்கும் களன்களாக உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கையும் தொல்காப்பியம் கூறுகிறது. போர்க்களப் படம் ஒன்று இவ்விரு மெய்ப்பாடுகளையும் ஒருங்கே எழுப்ப வல்லது. இழவைக் காண்பவர் அழுகிறார். உறுப்பறையையும் கொலையையும் காண்பவர் வெகுளுகிறார். பரபரப்புச் செய்தி முதலாவதில் தங்குவதில்லை. இரண்டாவதை நோக்கி விரைகிறது. வெகுளிக்கு ஓர் இலக்கு வேண்டும். அவ்விலக்கு சரியானதா என்று ஆராயும் பொறுமை அதற்கு இல்லை.

3. படம் சான்றாகும் இடம்: திருகோணமலை, 2006

2006 சனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் தமிழ் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்று பாதுகாப்புத் தரப்பு கூறியது. சுடர் ஒளி நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அந்நாளிதழில் வெளிவந்தன. மாணவர்களின் உடலில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததை அவை காட்டின. கைக்குண்டுக் கதை அத்துடன் நிலைகுலைந்தது. அதே மாதம் 24ஆம் நாள் சுகிர்தராஜன் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இறந்த இளைஞரின் காயத்தை நெருங்கி எடுத்துக் காட்டும் படம் எந்த அளவுகோலிலும் கொடியதே. பெற்றோர் அதைக் காண நேரும் என்பதும் உண்மை. ஆயினும் இதைப் பரபரப்புச் செய்தி என்று கூறுதல் இயலாது. அப்படம் ஒரு குறிப்பிட்ட கூற்றை மறுக்கிறது. எந்தக் கூற்று, யார் கூறியது, எந்த விவரத்தால் அது பொய்யாகிறது என்று வாசகர் சுட்டிக்காட்ட முடியும். வேறொருவர் அதே படத்தை ஆராய்ந்து மாற்றுக் கருத்துக் கூறவும் இடமுண்டு. காட்சி இங்கு வாதத்தின் உறுப்பாக நிற்கிறது.

இதன் எல்லையையும் காணுதல் வேண்டும். 2019 சூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் இவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரையும் விடுவித்தது. படம் பொய்யை உடைத்தது. தண்டனையைப் பெற்றுத் தரவில்லை. சாட்சிகள் அஞ்சாமல் வந்து நிற்கக்கூடிய மன்றம் இல்லாதவிடத்துச் செய்திப்படம் தன் கடமையை முழுதும் ஆற்றிய பின்னும் நீதி எஞ்சி நிற்கிறது. இவ்வெச்சமே பின்வரும் சிக்கல்கள் அனைத்துக்கும் வேர்.

4. சாட்சி விலக்கப்பட்ட போர்: வன்னி, 2009

2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அவையின் பன்னாட்டுப் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். தன்னுரிமையுள்ள செய்தியாளர்களுக்குக் களம் முன்னரே மூடப்பட்டிருந்தது. 2009 சனவரி 8 அன்று கொழும்பில் சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். தமிழரைக் குறித்து எழுதிய குற்றத்துக்காக ஜெ. எஸ். திசைநாயகத்துக்கு அவ்வாண்டு ஆகஸ்டில் இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வவுனியா முகாம்களின் நிலையை வெளியிட்ட சானல் 4 செய்திக் குழுவினர் மே மாதத்தில் நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டனர். சாட்சிகள் இவ்வாறு ஒவ்வொருவராக அகற்றப்பட்ட பின் எஞ்சிய குரல் போர் வளையத்தினுள் பணியாற்றிய அரசு மருத்துவர்களுடையது. தொலைபேசி வழியாக அவர்கள் தந்த எண்ணிக்கைகளை உலக ஊடகங்கள் அவர்தம் பெயரோடும் குரலோடும் ஒலிபரப்பின.

போர் முடிந்ததும் அம்மருத்துவர்கள் காவலில் வைக்கப்பட்டனர். 2009 சூலை 8 அன்று கொழும்பில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் அவர்கள் தம் முந்தைய கூற்றுகளைத் திரும்பப் பெற்றனர். போர்ச் செய்தி அறத்தில் பெரிதும் பேசப்படாத பகுதி இது. பார்வையாளரின் மனம் புண்படுமா என்னும் கேள்வியைத் தொலைக்காட்சிகள் வழக்கமாகக் கேட்கின்றன; ஒளிபரப்புக்கு முன் எச்சரிக்கையும் விடுக்கின்றன. தகவல் தந்தவர் நாளை எவர் கையில் இருப்பார் என்னும் கேள்விக்கு அத்தகைய நிலைத்த வழக்கம் இல்லை. மருத்துவர்கள் ஆபத்தை அறிந்தே பேசினர் எனலாம். ஆனால் செய்தியின் பயன் உலகெங்கும் பரவ, அதன் விலையை அவர்கள் மட்டுமே தந்தனர்.

2009 ஆகஸ்ட் 25 அன்று சானல் 4 ஒரு காணொளியை ஒளிபரப்பியது. இலங்கையில் சனநாயகத்துக்கான ஊடகவியலாளர்கள் என்னும் அமைப்பின் வழியாகக் கிடைத்தது அது. கண்ணும் கையும் கட்டப்பட்ட ஆடவர் சுட்டுக் கொல்லப்படுவதைக் காட்டியது. போலி என்று இலங்கை அரசு கூறியது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் துறை வல்லுநர் மூவரிடம் ஆய்வுக்கு விட்டு, அது உண்மையானதாகவே தோன்றுகிறது என்று 2010 சனவரியில் அறிவித்தார். 2011 சூன் 14 அன்று ஒளிபரப்பான 'இலங்கையின் கொலைக்களங்கள்' என்னும் ஆவணப்படம் இத்தகைய காட்சிகளைத் தொகுத்துத் தந்தது. நள்ளிரவை ஒட்டிய நேரத்தில், முன்னெச்சரிக்கையோடு அது ஒளிபரப்பாயிற்று. அதன்மீது வந்த முறையீடுகளைப் பிரித்தானிய ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் ஏற்கவில்லை.

இக்காட்சிகளின் பிறப்பே அவற்றின் அறச் சிக்கல். அவற்றை எடுத்தவர் செய்தியாளர் அல்லர். கொன்றவரும் அவர்க்கு அருகில் நின்றவரும் வெற்றியின் அடையாளமாகத் தம் கைபேசிகளில் எடுத்தவை அவை. முன்கூறிய பகுப்பின்படி அவை பரணிகள். களத்தைக் கொண்டாடும் கண்ணே அவற்றை எடுத்த கண். அவற்றை ஒளிபரப்பும் ஊடகம் கொன்றவரின் கண்ணைப் பார்வையாளருக்குக் கடன் கொடுக்கிறது. இதை நியாயப்படுத்த வல்லது ஒன்றே: பரணியாக எடுக்கப்பட்டதைச் சான்றாக மாற்றுதல். எங்கு, எப்போது, எந்தப் படைப்பிரிவு, கட்டப்பட்டவர் எந்நிலையில் இருந்தார் என்னும் வினாக்களைக் காட்சியைச் சுற்றி எழுப்பி விடை தேடும்போது அம்மாற்றம் நிகழ்கிறது. அவ்வாவணப்படத்தின் வலிமை அதன் கொடிய காட்சிகளில் இல்லை. காட்சியை நிறுத்தி வல்லுநரைப் பேசவைத்த இடங்களிலேயே அது இருக்கிறது. பின்னணி இசையும் பகட்டான தலைப்பும் அவ்வலிமைக்கு ஒன்றும் சேர்க்கவில்லை.

5. படத்தின் இரண்டாம் பயணம்

முதல் வெளியீட்டில் சான்றாக இருந்த படம், அதன்பின் கைமாறும் ஒவ்வொரு முறையும் தன் சூழலை இழக்கிறது. இரு நிகழ்வுகள் இதை விளக்கப் போதுமானவை.

பன்னிரண்டு வயதான பாலச்சந்திரனின் படங்கள் 2013 பிப்ரவரியில் வெளிவந்தன. ஒன்றில் சிறுவன் காவலரணில் அமர்ந்து சிற்றுண்டி தின்கிறான். மற்றொன்றில் மார்பில் குண்டுக் காயங்களோடு இறந்து கிடக்கிறான். இரண்டும் ஒரே ஒளிப்படக் கருவியால் சில மணி நேர இடைவெளியில் எடுக்கப்பட்டவை என்பதே அவற்றின் சான்று வலிமை. உயிரோடு படையினரின் காவலில் இருந்தவன் இறந்தான் என்பதை அவ்விணைப்பே காட்டுகிறது. இருதரப்புத் துப்பாக்கிச் சூட்டில் சிக்கினான் என்னும் விளக்கத்தை அதுவே மறுக்கிறது. ஒன்றைப் பிரித்தெடுத்தால் அவ்வாதம் அறுபடுகிறது. தமிழ்நாட்டின் சுவரொட்டிகளும் இதழ் அட்டைகளும் செய்தது அப்பிரிப்பையே. உண்ணும் சிறுவனின் முகம் பெரிதாக்கப்பட்டது. இணைப்பு உரைத்த செய்தி மறைந்து இரக்கம் மட்டும் எஞ்சியது.

அவ்விரக்கம் வீண்போயிற்று என்று கூற இயலாது. 2013 மார்ச் 8 அன்று சென்னை இலயோலாக் கல்லூரி மாணவர்கள் உண்ணாநிலை தொடங்கினர். போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. மார்ச் 19 அன்று திராவிட முன்னேற்றக் கழகம் நடுவண் அரசுக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொண்டது. உணர்ச்சியின்றி இவை நிகழ்ந்திரா. ஆனால் அதே மார்ச் மாதத்தில் தஞ்சைப் பெரிய கோயிலைக் காண வந்த பௌத்தத் துறவி ஒருவர் தாக்கப்பட்டார். சென்னையில் மற்றொருவரும் தாக்கப்பட்டார். குற்றம் செய்தவர் எவர் என்று கூறும் விவரத்தைக் களைந்துவிட்டு வெகுளியை மட்டும் பரப்பினால், அதே உடையணிந்தவரும் அதே மொழி பேசுபவரும் இலக்காகின்றனர். இலக்கற்ற வெகுளியின் இயல்பு அதுவே.

இசைப்பிரியாவின் நிகழ்வு இன்னும் கடினமானது. விடுதலைப் புலிகளின் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர் அவர். 2009 மே 18 அன்று சண்டையில் இறந்தார் என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்திருந்தது. 2013 நவம்பரில் சானல் 4 வெளியிட்ட காணொளி அவர் உயிரோடு பிடிபட்டதைக் காட்டியது. அது ஒரு பொய்யை உடைத்தது; வெளியிடப்பட வேண்டியதே. அவர் உடலைச் சிதைந்த நிலையில் காட்டும் படங்களோ அதற்கு முன்னரே பரவத் தொடங்கியிருந்தன. பெண்ணுடல் என்பதாலேயே அவை மேலும் பரவின. பாலியல் வன்கொடுமையைக் கண்டிக்கும் கட்டுரைகளே அவ்வுடலை முகப்பில் இட்டுக் காட்டின. பிடித்தவர் மறுத்த அகத்தைக் கண்டிப்பவரும் மறுத்தனர்.

அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. அவ்விதி காதலைப் பற்றியது, போர்க்குற்றத்தைப் பற்றியதன்று. எனினும் ஒருவரின் வாழ்வில் பிறர் பெயரிட்டுக் காட்டலாகாத ஒரு பகுதி உண்டு என்னும் உணர்வு அதன் அடியில் இருக்கிறது. இசைப்பிரியாவின் வாழ்வை ஒட்டி எடுக்கப்பட்ட திரைப்படத்துக்கு எதிராக அவர் குடும்பத்தினர் 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். உலகத் தமிழரின் அடையாளமாகிவிட்ட ஒருவரின் துயரில் குடும்பத்துக்கு எஞ்சும் உரிமை யாது என்பது அவ்வழக்கு எழுப்பிய வினா. செய்தி உலகம் அவ்வினாவை முன்னரே எழுப்பியிருக்க வேண்டும்.

6. எண்ணும் வதந்தியும்

பரபரப்பு படத்தில் மட்டும் வாழ்வதில்லை, எண்ணிலும் வாழ்கிறது. இறுதிக்கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பது 2011இல் வெளிவந்த ஐ.நா. வல்லுநர் குழு அறிக்கையின் மதிப்பீடு. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், அரசின் மக்கள்தொகைப் பதிவுகளையே ஒப்பிட்டு, 1,46,679 பேரின் நிலை தெரியவில்லை என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கூறினார். நிலை தெரியாதோர் என்பது மிகக் கூர்மையான சொல்லாட்சி. கணக்குக் கூறும் பொறுப்பை அது அரசின்மேல் வைத்தது. இவர்கள் எங்கே என்று கேட்டது. அதே எண் பின்னர்த் தமிழ்ச் செய்திகளிலும் மேடைகளிலும் கொல்லப்பட்டோர் தொகையாயிற்று. இம்மாற்றத்தால் துயரம் பெரிதாகத் தோன்றியது, கேள்வி மறைந்தது. விடையளிக்க வேண்டியிருந்த அரசுக்கு, எண் மிகைப்படுத்தப்பட்டது என்று மறுப்பது எளிதாயிற்று. மிகைச் செய்தி தான் ஆதரிப்பதாகக் கூறும் தரப்பையே வலுவிழக்கச் செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை.

தலைவரின் இறப்பைச் சுற்றி எழுந்த செய்திகளும் இவ்வகையினவே. 2009 மே மாதத்தில் தமிழ்நாட்டு இதழ் ஒன்று, பிரபாகரன் தம் இறப்புச் செய்தியைத் தாமே பார்த்துக்கொண்டிருப்பதாக ஒரு படத்தை அட்டையில் வெளியிட்டது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று பழ. நெடுமாறன் 2023 பிப்ரவரி 13 அன்று தஞ்சையில் அறிவித்ததும் பல மணி நேரம் முதன்மைச் செய்தியாயிற்று. உறவினரின் நிலை அறியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் வடக்கு கிழக்கில் வீதியோரப் பந்தல்களில் அமர்ந்திருக்கும் காலம் அது. நம்பிக்கையை விற்பனைப் பொருளாக்கும் செய்தி அவர்களுக்கு என்ன செய்யும் என்பதை எந்தத் தலையங்கமும் எளிதில் கடந்துசெல்ல முடியாது.

இதன் மறுபக்கத்தையும் புலம்பெயர்ந்தோர் கண்டனர். 2009 ஏப்ரலில் இலண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் பரமேஸ்வரன் சுப்பிரமணியம் 23 நாள் உண்ணாநிலை இருந்தார். அவர் கமுக்கமாக உணவு உண்டார் என்று டெய்லி மெயில், சன் ஆகிய நாளிதழ்கள் அவ்வாண்டு அக்டோபரில் எழுதின. அவதூறு வழக்கின் முடிவில் 2010இல் அவ்விரு நாளிதழ்களும் மன்னிப்புக் கேட்டு, மொத்தம் 77,500 பவுண்டு இழப்பீடு தந்தன. உண்ணாநிலையின் நோக்கத்தைப் பற்றி எழுதியதைவிட இல்லாத உணவைப் பற்றிப் பெரிதாக எழுதியது அச்செய்தி. பரபரப்பு எத்தரப்புக்கும் உரிய கருவி என்பதை இது காட்டுகிறது. தம்மைப் பற்றிய பொய்யை எதிர்ப்போர் தாம் விரும்பும் பொய்யை ஏற்பது அறமாகாது.

7. கூறாமல் விட்ட செய்தி

மிகைக்கு இணையான குற்றம் ஒன்றுண்டு. ஐ.நா. வல்லுநர் குழு அரசுப் படைகளின் எறிகணை வீச்சை விரிவாகப் பதிவு செய்ததோடு, வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதையும், சிறுவரைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததையும், மக்களைக் கேடயமாகக் கொண்டதையும் பதிவு செய்தது. அக்காலத் தமிழ் ஊடகங்களில் பெரும்பகுதி முதலாவதை நாள்தோறும் தந்தது, இரண்டாவதைத் தரவில்லை. இறுதி வாரங்கள்வரை களவெற்றிச் செய்திகளே முதலிடம் பெற்றன. அவற்றை நம்பிய புலம்பெயர்ந்த வாசகருக்கு மே 18ஆம் நாள் முன்னறிவிப்பின்றி வந்தது.

இவ்விரு தவறுகளும் ஒரே வேரின. வாசகர் எதை உணர வேண்டும் என்று முன்னரே முடிவு செய்துகொண்டு, அதற்கு ஏற்பச் செய்தியைக் கூட்டுவதும் குறைப்பதும் அவ்வேர். வெளியேற முயன்று இறந்த தாய்க்கும் கையறுநிலை பாட எவரும் இல்லாமற் போனது அதன் விளைவு.

8. சான்ட்ரிங்ஹாமிலிருந்து ஒரு மாற்றுநோக்கு

2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரின் இரு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டனர். கொலைகாரன் அதை நேரலையாகப் பரப்பினான். மூன்று நாளில் நியூசிலாந்தின் தலைமைத் தணிக்கையாளர் அக்காணொளியை ஏற்கத்தகாத வெளியீடு என வகைப்படுத்தினார். அதை வைத்திருப்பதும் பகிர்வதும் குற்றமாயின. அவன் பெயரைத் தாம் சொல்லப்போவதில்லை என்று பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். விசாரணையைக் குறித்த செய்திகளில் கொலைகாரனின் கொள்கைக்கு இடம் தருவதில்லை என்று அந்நாட்டின் ஐந்து முதன்மைச் செய்தி நிறுவனங்கள் மே மாதத்தில் உடன்பாடு கண்டன. பரணிக்கு மேடை மறுத்து, இறந்தோரின் பெயர்களை முன்வைத்த முடிவு அது.

சான்ட்ரிங்ஹாமின் தமிழ் வாசகர் இதை 2009ஓடு ஒப்பிடாமல் இருத்தல் அரிது. இரு நிகழ்வுகளிலும் காட்சியை எடுத்தவர் கொன்றவர் தரப்பினரே. ஒன்றை மறைத்தல் அறமாகவும் மற்றொன்றை வெளியிடுதல் அறமாகவும் போற்றப்படுவது எங்ஙனம்? விடை நீதிமன்றத்தில் இருக்கிறது. கிறைஸ்ட்சர்ச்சில் அரசு கொலையை ஒப்புக்கொண்டது, குற்றவாளியைப் பிடித்தது, 2020 ஆகஸ்டில் பரோலில் வரவியலாத வாழ்நாள் சிறையை நீதிமன்றம் விதித்தது. காணொளி சேர வேண்டிய மன்றம் அங்கு இருந்தது. ஆகவே பொதுத்திரையில் அதற்கு வேலையில்லை. வன்னியில் அரசே கொலையை மறுத்தது, மன்றம் இல்லை. மன்றமில்லாத இடத்தில் பொதுத்திரையே மன்றமாக நிற்க நேர்ந்தது. மறைத்தல் அங்குக் கொன்றவருக்கே துணையாகியிருக்கும்.

இவ்விளக்கத்திலிருந்து ஒரு கட்டுப்பாடும் பிறக்கிறது. திரை மன்றமாக நிற்பது மன்றம் கிடைக்கும்வரைதான். ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையர் அலுவலகத்தின் விசாரணை அறிக்கை 2015இல் வெளிவந்தது. சான்றுகளைத் திரட்டிக் காக்கும் பொறிமுறையை மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் உருவாக்கியது. முழுமையான நீதி இன்னும் தொலைவில் இருப்பினும், படங்கள் சென்று சேர ஓரிடம் உண்டாகிவிட்டது. அதன்பின்னும் ஆண்டுதோறும் மே மாதத்தில் அதே உடல்களை அதே அளவில் திரையிடுவோர், முன்பு இருந்த காரணத்தை இன்று காட்ட இயலாது.

நினைவுக்கு அப்படங்கள் வேண்டும், இன்றேல் அடுத்த தலைமுறை மறந்துவிடும் என்பது வலுவான மறுப்பு. புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளை எண்ணி எழும் அவ்வச்சம் உண்மையானது. ஆனால் சிதைந்த உடலைக் கண்டு வளரும் பிள்ளை சிதைவை நினைவில் கொள்ளும். சிதையுமுன் அவர் யாராக இருந்தார் என்பதைக் கொள்ளாது. முள்ளிவாய்க்காலில் மக்கள் உண்ட உப்பில்லாக் கஞ்சியை ஆண்டுதோறும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் ஓர் உடலையும் காட்டாமல் அவ்வரலாற்றை முழுமையாகக் கடத்துகிறது. கேட்கும் பிள்ளைக்கு விளக்கம் கூற ஒருவர் அருகில் இருக்கிறார். கையறுநிலையின் இலக்கணம் அதில் பொருந்துகிறது.

2021 செப்டம்பர் 3 அன்று சான்ட்ரிங்ஹாமுக்குச் சில கிலோமீட்டர் மேற்கே உள்ள நியூ லின் பேரங்காடியில் கத்திக்குத்து நிகழ்ந்தது. தாக்கியவர் இலங்கையின் கிழக்கில் பிறந்த, தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவர். காவலரால் அங்கேயே சுடப்பட்டு இறந்தார். அவர் பெயரை வெளியிட நீதிமன்றத் தடை இருந்தது. அடுத்த நாள் அது நீங்கியதும் பெயரும் படமும் ஊரும் உலகெங்கும் பரவின. காத்தான்குடியில் இருந்த குடும்பத்தை ஊடகங்கள் தேடிச் சென்றன. ஆக்லாந்து வாழ் இலங்கையர், தாம் செய்யாத செயலுக்காகக் கண்டன அறிக்கை வெளியிட வேண்டிய நிலைக்கு வந்தனர். 2009இல் செய்தியின் இரங்கத்தக்க பொருளாக இருந்த சமூகம், 2021இல் ஐயத்துக்குரிய பொருளாயிற்று. ஒருவரை அவர் இனத்தின் அடையாளமாகச் சுருக்கும் பழக்கமே இரண்டிலும் இயங்கியது. இரங்கும்போது அப்பழக்கத்தை வரவேற்றவர், ஐயுறும்போது அதை மறுக்கும் உரிமையை இழக்கின்றனர்.

9. முடிவுரை

போர்ச் செய்தியின் அறத்தைக் காட்சியின் கொடுமையைக் கொண்டு அளத்தல் இயலாது என்பது இவ்வாய்வால் தெளிவாகிறது. கொடிய படம் அறமாகவும் மென்மையான படம் அறமற்றதாகவும் அமையக்கூடும். திருகோணமலைப் படங்கள் முதலாவதற்கும், இணையிலிருந்து பிரிக்கப்பட்ட சிறுவனின் படம் இரண்டாவதற்கும் சான்றுகள். ஒரு படத்தை வெளியிடுமுன் நான்கு வினாக்கள் எழுதல் வேண்டும். அது எந்தக் கூற்றை நிறுவுகிறது அல்லது மறுக்கிறது? அதற்குரிய மன்றம் வேறெங்கும் உண்டா? தகவல் தந்தவரும் படத்தில் உள்ளவரின் உற்றாரும் அதன்பின் எந்நிலை அடைவர்? எழும் வெகுளி எவரைச் சென்று சேரும்?

இவற்றை முதலில் கேட்க வேண்டியவர் செய்தி ஆசிரியர். ஆனால் இன்று கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வெளியீட்டாளரே. சான்ட்ரிங்ஹாமில் இருந்து ஒரு படத்தைப் பகிர்பவர் வன்னியின் ஓர் உடலுக்கு அடுத்த பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கிறார். அப்பார்வையாளரிடம் அவ்வுடல் பெயரோடும் வினாவோடும் சென்று சேருமாயின் அது சாட்சி. அவையின்றிச் சென்று சேருமாயின், பகிர்ந்தவர் எவ்வளவு அழுதிருப்பினும், அது பரணியே.